துணிச் செலவு

செவ்வாய்ப்பேட்டை லாரி ஆபீசில்
வவுச்சர் எழுதுவது என் வேலை.
டீசல், டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர்,
டிரைவர் பேட்டா, கிளீனர் பேட்டா,
போலீசுக்கு என்று எழுதக் கூடாததால் ‘இதர’.
அச்சடித்த கட்டம் எட்டு.

ஒன்பதாவதைக் கேட்டு வந்து நின்றான் தீர்த்தகிரி,
மார்கழி நாலாம் தேதி,
காதைச் சுற்றி மப்ளர், விரலில் சாவி.
‘மலைக்குப் போற நடைக்கு எரநூத்தம்பது கூட வேணுங்க.
தை முடியற மட்டும்.
பனிக்கு.’

பாவாயி அம்மா நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
‘அதே ரோடு. அதே காப்பி மூட்டை.
பனி என்ன, எடை போட்டா டன்னு வருமா?
பங்குனியில வெயிலுக்குக் கேப்பே,
ஐப்பசியில மழைக்குக் கேப்பே.
கம்பெனிக்காரன் எனக்குத் தர்றானா
பனி வாடகைன்னு ஒண்ணு?’

அதுவும் நியாயம்தான்.
என் சம்பளம் அந்த நியாயத்திலிருந்துதான் வருகிறது.

தீர்த்தகிரிக்கு வாதாட வராது.
சாவியை மேசைமேல் வைத்தான்.
சின்னச் சத்தம்.
அம்மா என்னைப் பார்த்தார்:
‘நீ ஒரு நடை போயிட்டு வா.
பனி என்ன வேலை வாங்குதுன்னு எழுதிட்டு வா.’

கிளீனர் மாதேசுக்குக் காய்ச்சல்.
அவன் சீட்டில் நான்.

ஏறும்போது ஒன்றுமில்லை. வெயில், குரங்கு,
நாகலூரில் தொண்ணூறு மூட்டை.
தார்ப்பாய் கட்டி முடிக்கையில் இருட்டிவிட்டது.
ஏரியைத் தாண்டும்போது
ஏரி இல்லை.

இருபதாம் வளைவின் பலகை தெரிந்தது.
பத்தொன்பது, தெரிந்த மாதிரி இருந்தது.
பதினெட்டு
அவன் சொன்னான், நான் நம்பினேன்.

ஹைபீம் போட்டால்
வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து முன்னால் நிற்கிறது.
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
ஓரக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.
உள்ளே எங்கள் மூச்சு கண்ணாடியில் படியப் படியத்
துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பதினாலில் வண்டியை நிறுத்தினான்.
‘இறங்கி முன்னால நடங்க.’
தன் வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தான்.
‘முதுகுல போட்டுக்கங்க.
அதப் பாத்துத்தான் நான் வருவேன்.’

நடந்தேன்.
சாலை ஓர் அடி தந்தது,
அதை வைத்த பிறகு அடுத்த அடி.
முதுகுக்குப் பின்னால் நாலரை டன்
ஒண்ணாம் கியரில் முனகியது.
எங்கேயோ ஒரு பாறை மூச்சு விட்டது.
காட்டெருமை.
அவன் ஹாரன் அடிக்கவில்லை,
விளக்கை அணைத்தான்.
அது போகும்வரை
நானும் ஒரு துண்டும்.

கணக்கெழுதுகிறவன் புத்தி,
நடக்கும்போதே வகுத்தது:
எரநூத்தம்பதை இந்தப் பதினாலு வளைவால் வகுத்தால்
வளைவுக்குப் பதினேழே முக்கால் சொச்சம்.
அடிவாரத்தில் ஒரு டீ, ஒரு வடை.

அந்த டீயைக் குடிக்கும்போது
அவன் ஒன்றுதான் சொன்னான்:
‘கெடைச்சா, மாதேசுக்குப் பாதி.’

காலையில் அம்மா கேட்டார்.
வழியெல்லாம் சேர்த்து வைத்த வாக்கியங்கள்
ஒன்றும் வாயில் நிற்கவில்லை.
‘கண்ணாடி தொடைக்கணுங்கம்மா.’
‘அதுக்கா எரநூத்தம்பது?’

பேசாமல் வவுச்சரை நகர்த்தினேன்.
‘இதர’வுக்கு எதிரில் எழுதியிருந்தேன்:
துணி – ரூ. 250.
அம்மா வாசித்தார்.
வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தார்,
வார் வரைக்கும் செம்மண்.
‘நல்ல துணியா?’
‘ஆமாங்கம்மா.’
கையெழுத்துப் போட்டார்.
எந்தத் துணி என்று கேட்கவில்லை.

தையில் புது வவுச்சர் புத்தகம் அச்சாகி வந்தது.
எட்டே கட்டம்.
மாசி பிறந்ததும் துணி எழுதுவதை நிறுத்தினேன்,
தீர்த்தகிரியும் கேட்கவில்லை.
அடுத்த மார்கழிக்கு எல்லாருக்கும் மறந்துபோகும்.
எனக்கும்தான்.
ஒரு வவுச்சரை மட்டும் ஃபைலில் கோக்காமல்
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
அதையும் அவ்வப்போது துடைக்க வேண்டியிருக்கிறது.